கவிழ்ந்த ஏ-கிளாஸ்: இ.எஸ்.சி. இல்லாத காரும் இருந்த காரும்

1997 அக்டோபர் 21 அன்று, விற்பனைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்த மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் ஒன்று ஸ்வீடனில் கவிழ்ந்தது. ஓட்டியவர் ராபர்ட் கொலின், 'டெக்னிகென்ஸ் வேர்ல்ட்' என்ற வாகனப் பத்திரிகையின் செய்தியாளர். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. வேகமும் பெரிதில்லை, மணிக்கு 60 கி.மீ. அளவுதான். கோன்களை நட்டு வைத்த தளத்தில் இடது பக்கம் ஒடித்து, உடனே வலது பக்கம் திருப்பினார். கார் இரண்டு சக்கரத்தில் எழும்பி அப்படியே சாய்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தச் செய்தி ஜெர்மனியை உலுக்கியது. மெர்சிடிஸ் என்றால் பாதுகாப்பு என்று பல பத்தாண்டுகளாக உருவாக்கிய பெயர் அது.

வண்டி தடம் புரளும்போது தேவையான சக்கரத்தைத் தானாகவே பிரேக் பிடித்து நிலைநிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (சுருக்கமாக இ.எஸ்.சி.) இன்று சாதாரணக் காரிலும் இருப்பதற்கு இந்த ஒரு கவிழ்தல் முக்கியமான காரணம். 'இ.எஸ்.சி. போட்டு ஓட்டுவதா, அணைத்துவிட்டு ஓட்டுவதா' என்ற பழைய வாதத்தைத் தீர்க்கவும் இதைவிட நல்ல வழக்கு கிடையாது. அதே மாடல், அதே சோதனை, முதலில் இ.எஸ்.சி. இல்லாமல், பிறகு அதோடு. நடுவில் வேறு சில மாற்றங்களும் நடந்தன. அந்த 'வேறு சில' என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சோதனை எதற்காக?

ஸ்வீடனில் மூஸ் என்ற பெரிய மான் சாலையைக் கடக்கும். தோள் உயரமே இரண்டு மீட்டர் வரை போகும், எடை பல நூறு கிலோ. கால்கள் நெட்டையாக இருப்பதால் கார் மோதினால் பானெட் காலைத் தட்டிவிடும், முழு உடம்பும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். அதனால் அந்த நாட்டு ஓட்டுநருக்கு 'சட்டென்று விலகி, உடனே தன் தடத்துக்குத் திரும்புவது' உயிர்ப் பிரச்சினை. டெக்னிகென்ஸ் வேர்ல்ட் இதைப் பல ஆண்டுகளாகவே 'மூஸ் டெஸ்ட்' என்ற சோதனையாக வைத்திருந்தது. காரில் ஆட்களையும் சுமையையும் ஏற்றிக்கொள்வார்கள். தடத்துக்குள் நுழைந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், பிரேக்கைத் தொடக்கூடாது. மீதி எல்லாம் ஸ்டீயரிங்தான்.

இரண்டாவது திருப்பம்தான் ஆபத்தானது. இடதுபுறம் ஒடிக்கும்போது வண்டியின் எடை வலப்பக்க ஸ்பிரிங்குகளை அமுக்குகிறது. உடனே வலதுபுறம் திருப்பினால் அமுங்கிய ஸ்பிரிங்குகள் விரிந்து வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன, அதோடு புதிய திருப்பத்தின் விசையும் சேர்ந்துகொள்கிறது. நிதானமாக ஒரே பக்கம் வளையும் சாலையில் கவிழாத கார், இந்த ஊசலாட்டத்தில் கவிழலாம்.

உயரம், அகலம், டயரின் பிடி

ஏ-கிளாஸ் ஒரு விசித்திரமான கார். நீளம் 3.6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரமோ 1.6 மீட்டரை நெருங்கியது. தரையை இரண்டு அடுக்காகக் கட்டியிருந்தார்கள். நேருக்கு நேர் மோதினால் சாய்வாகப் பொருத்திய இன்ஜினும் கியர்பாக்ஸும் பயணிகள் மேல் வராமல் அந்தத் தரைக்கு அடியில் சறுக்கிப் போகும் என்பது திட்டம். பிற்காலத்தில் பேட்டரி, ஃப்யூயல் செல் வைக்கவும் அந்த இடைவெளி உதவும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு விலையாகப் பயணிகள் உயரமான இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. வண்டியின் எடை மையமும் மேலே ஏறியது. முன்பக்க மோதலுக்காகச் செய்த ஏற்பாடு, பக்கவாட்டில் கவிழும் ஆபத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். சக்கர இடைவெளி 1.5 மீட்டர், எடை மையம் 55 செ.மீ. என்றால் விடை 1.36. இடைவெளி 1.45 மீட்டர், மையம் 65 செ.மீ. என்றால் 1.12. (இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள், ஏ-கிளாஸின் அளவுகள் அல்ல.) அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான என்.எச்.டி.எஸ்.ஏ. இந்த எண்ணை வைத்துத்தான் கவிழும் வாய்ப்பை மதிப்பிடுகிறது. சாதாரணக் கார்களுக்குப் பெரும்பாலும் 1.30 முதல் 1.50 வரை, எஸ்.யு.வி., பிக்கப் வகைகளுக்கு 1.00 முதல் 1.30 வரை வரும்.

காய்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயர், வண்டி எடைக்கு ஏறக்குறைய சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கும். அதற்கு மேல் போனால் வழுக்கும். விகிதம் 1.36 உள்ள கார், கவிழும் கட்டத்தை எட்டுமுன்பே வழுக்கிவிடும். பயமாக இருக்கும், ஆனால் நிமிர்ந்தே நிற்கும். விகிதம் குறைவான காரில் ஸ்பிரிங் ஊசலாட்டமும் சேர்ந்தால், டயர் வழுக்குவதற்கு முன்பே உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். அதாவது உயரமான காருக்குப் பிடி அதிகமான டயர் எப்போதும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. 'கிரிப் நல்லா இருக்கு' என்று அகலமான டயரை மாட்டிக்கொண்டு திரியும் எஸ்.யு.வி.காரர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

நிறுவனம் என்ன செய்தது?

முதலில் மறுப்பு. அப்புறம் டயர் மேல் சந்தேகம். இதற்கிடையே கிழக்கு ஜெர்மனியின் பழைய டிராபன்ட் கார் அதே மாதிரித் திருப்பத்தைக் கவிழாமல் தாண்டியதைக் காட்டி ஊடகங்கள் கிண்டல் செய்தன. கேலிக்கு அஞ்சியோ பொறியாளர்களின் அழுத்தத்தாலோ, அக்டோபர் இறுதிக்குள் நிறுவனம் இறங்கிவந்தது: எல்லா ஏ-கிளாஸிலும் இ.எஸ்.பி. கூடுதல் விலையின்றி வரும் என்று அறிவித்தது. (மெர்சிடிஸும் வாகன உதிரிபாக நிறுவனமான பாஷும் இ.எஸ்.சி.க்கு வைத்த பெயர் இ.எஸ்.பி.) அதுவும் போதவில்லை. நவம்பரில் விநியோகத்தையே சுமார் மூன்று மாதத்துக்கு நிறுத்தினார்கள். விற்ற கார்களைத் திரும்ப அழைத்தார்கள். காரை உருவாக்க ஆன செலவு 250 கோடி மார்க், இந்தத் திருத்தத்துக்கு மேலும் 30 கோடி மார்க் என்று அப்போது செய்திகள் வந்தன. மெர்சிடிஸின் தாய் நிறுவனமான டைம்லர் குழுமத்தின் இன்னொரு குட்டிக் காரான ஸ்மார்ட்டின் அறிமுகமும் இதனால் 1998 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதுவும் குட்டை நீளமும் நெட்டை உயரமும் கொண்ட கார்தானே!

1998 பிப்ரவரியில் மீண்டும் விற்பனைக்கு வந்த ஏ-கிளாஸில் இ.எஸ்.பி. மட்டும் புதிதில்லை. சஸ்பென்ஷன் தாழ்த்தப்பட்டிருந்தது. வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார்கள் தடிமனாகியிருந்தன. டயர்கள் மாறியிருந்தன. திருத்திய கார் அதே வகைச் சோதனையில் நிமிர்ந்து நின்றது. விளம்பரத்துக்கு டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் வந்தார். கேலிப் பொருளாக இருந்த மூஸ், பொம்மையாக வாடிக்கையாளர்களின் கைக்கு வந்தது. கெட்ட பெயரை இவ்வளவு சாமர்த்தியமாகத் திருப்பிப்போட்ட நிறுவனங்கள் குறைவு.

இ.எஸ்.சி. உள்ளே என்ன செய்கிறது?

இதன் பிறப்பிலும் ஸ்வீடனுக்குப் பங்கு உண்டு. 1989இல் மெர்சிடிஸ் பொறியாளர் ஃபிராங்க் வெர்னர்-மோன், அந்நாட்டின் பனிச்சாலையில் சோதனை ஓட்டத்தின்போது வழுக்கிப் பள்ளத்தில் இறங்கினார். மீட்பு வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். சக்கரத்தின் வேகத்தை அறிவதைப் போல வண்டி சுழலும் வேகத்தையும் அறிந்தால் என்ன என்று யோசித்ததாகச் சொல்வார்கள். பாஷ் நிறுவனத்தில் ஆன்டன் வான் சான்டன் தலைமையிலான குழு அதே திசையில் வேலை செய்துகொண்டிருந்தது. 1995இல் எஸ் 600 கூப்பேயில் இ.எஸ்.பி. வந்தது. அன்று அது பணக்காரர் காருக்கான பொருள். ஏ-கிளாஸ் கவிழாமல் இருந்திருந்தால், சிறிய காருக்கு இறங்கிவர அது இன்னும் பல ஆண்டுகள் எடுத்திருக்கும்.

வேலை செய்யும் விதம் இதுதான். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்பதை ஒரு சென்சார் சொல்லும். நான்கு சக்கரங்களின் வேகத்தை நான்கு சென்சார்கள் சொல்லும். வண்டி தன் நட்டுக்குத்து அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு விசை ஏறியிருக்கிறது என்பதை வேறு இரண்டு சென்சார்கள் சொல்லும். 'ஓட்டுநர் போக நினைக்கும் பாதை', 'வண்டி உண்மையில் போகும் பாதை' இரண்டையும் கம்ப்யூட்டர் நொடிக்குப் பல தடவை ஒப்பிடுகிறது. பின்புறம் வெளியே வீசினால், அதாவது ஓவர்ஸ்டியர் ஆனால், வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிரேக் பிடிக்கும். முன்புறம் திரும்ப மறுத்து நேராகப் போனால், அதாவது அண்டர்ஸ்டியர் ஆனால், உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். தேவையானால் இன்ஜின் விசையையும் குறைக்கும்.

மூஸ் டெஸ்டின் இரண்டாவது திருப்பத்தில் வெளிப்பக்க முன்சக்கரம் பிரேக் ஆவதில் ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது. ஒரு டயரின் மொத்தப் பிடிக்கு ஒரு வரம்பு உண்டு. அதில் ஒரு பகுதியைப் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால், பக்கவாட்டில் பிடிக்க மிச்சமிருப்பது குறைவு. வண்டியைக் கவிழ்ப்பதே அந்தப் பக்கவாட்டுப் பிடிதான். எனவே அந்த டயர் கொஞ்சம் வழுக்க ஆரம்பிக்கிறது, வேகமும் குறைகிறது, உள்பக்கச் சக்கரங்கள் தரையைத் தொடுகின்றன. சுழற்சியைத் தடுக்கப் பிறந்த கருவி கவிழ்வதையும் தடுப்பது இப்படித்தான்.

'நல்ல டிரைவருக்கு இதெல்லாம் எதுக்கு?' என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. எப்பேர்ப்பட்ட ஓட்டுநருக்கும் காலடியில் ஒரே ஒரு பிரேக் பெடல். அதை மிதித்தால் நான்கு சக்கரமும் பிடிக்கும். வலது முன்சக்கரத்தை மட்டும் பிடிக்க எந்த சாம்பியனுக்கும் வழியில்லை. இது திறமையைப் பற்றிய விவாதமே இல்லை.

அப்படியானால் காரைக் காப்பாற்றியது எது?

இந்த வழக்கில் என் கருத்து இது: இ.எஸ்.பி. அரைவாசி, சஸ்பென்ஷன் அரைவாசி. பொத்தானை அழுத்தி அணைக்கக்கூடிய ஒன்றை மட்டும் நம்பி ஒரு கவிழும் காரை விற்க முடியாது என்பது மெர்சிடிஸுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்று மாதம் தொழிற்சாலையிலேயே மல்லுக்கட்டினார்கள். ஒரு காரின் யோக்கியதையை இ.எஸ்.சி.யை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். சாலையில் இறங்கும்போது அதைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வாதம் முடிவதே இல்லை.

இதற்குச் சாட்சி சொல்ல வேறு மூன்று கார்கள் உண்டு.

ஒன்று, ஆடி டிடி. 1998இல் வந்த அழகான கூப்பே, உயரமும் குறைவு. கவிழும் கவலை இல்லை. ஆனால் ஜெர்மனியின் அதிவேகச் சாலையான ஆட்டோபானில் மிக அதிக வேகத்தில் தடம் மாறும்போதும், வளைவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விடும்போதும் பின்புறம் லேசாகி வீசியது. உயிர்கள் போயின. ஆடி பின்னால் ஒரு சிறு ஸ்பாய்லர் வைத்தது, சஸ்பென்ஷனை மாற்றியது, இ.எஸ்.பி.யைச் சேர்த்தது. மறுபடியும் அதே கலவை.

இரண்டாவது, சிட்ரோயன் சான்டியா ஆக்டிவா. 1999இல் அதே டெக்னிகென்ஸ் வேர்ல்ட் சோதனையை மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் தாண்டியது. அந்தச் சாதனை பல ஆண்டுகள் நிலைத்தது. பிரேக்கை ஆளும் கருவி எதுவும் அந்த ஓட்டத்துக்கு உதவவில்லை. திருப்பத்தில் சாய்வதை எண்ணெய் அழுத்தத்தால் தடுக்கும் சஸ்பென்ஷன்தான் காரணம். உடல் சாயாவிட்டால் ஸ்பிரிங் ஊசலாட்டமும் இல்லை.

மூன்றாவது நேர்மாறானது. 2016இல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் அதே பத்திரிகையின் சோதனையில் 60 கி.மீ. வேகத்திலேயே இரண்டு சக்கரத்தில் எழும்பியது. அதில் இ.எஸ்.சி. இருந்தது, ஆன் செய்யப்பட்டும் இருந்தது. 2007இலும் ஹைலக்ஸ் இதே சோதனையில் தோற்றிருந்தது. பெட்டியில் 'இ.எஸ்.சி. உண்டு' என்று டிக் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது சரியான எதிர்வாதம். எந்தக் காருக்கு, எந்தச் சுமைக்கு, எவ்வளவு சீக்கிரம் தலையிடும்படி அமைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எண்கள்

ஒரு காரின் கதையை விட்டுவிட்டு லட்சக்கணக்கான கார்களைப் பார்த்தாலும் படம் தெளிவுதான். 2003இல் ஸ்வீடனில் வந்த ஆய்வு, இ.எஸ்.சி. உள்ள கார்களில் விபத்துகள் 22 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. ஈரச்சாலையில் 32, பனியில் 38 சதவீதம். பிழை வரம்பு பெரிதுதான். 22 என்பதற்கே ஏறக்குறைய 21 கூட்டல் கழித்தல். ஆனால் பிடி குறையக் குறையப் பயன் கூடுகிறது என்பது இயற்பியல் சொல்வதோடு ஒத்துப்போகிறது. அந்த நாடு அரசு வாகனங்கள் முதல் வாடகைக் கார்கள் வரை இ.எஸ்.சி.யை வலியுறுத்தியது. சில ஆண்டுகளில் அங்கே புதுக் கார்களில் 90 சதவீதத்துக்கு மேல் அது வந்துவிட்டது.

அமெரிக்காவில் கட்டாயமாக்கும் விதியைக் கொண்டுவந்தபோது என்.எச்.டி.எஸ்.ஏ. போட்ட மதிப்பீடு: வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துகள் கார்களில் 34, எஸ்.யு.வி.களில் 59 சதவீதம் குறையும். அவற்றில் கவிழும் விபத்துகள் மட்டும் கார்களில் 71, எஸ்.யு.வி.களில் 84 சதவீதம் குறையும். உயரமான வண்டிக்கு லாபம் அதிகம். 2012 மாடல்களிலிருந்து அங்கே எல்லா இலகுரக வண்டிகளிலும் அது கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும்.

பிறகு ஏன் அந்தப் பொத்தான்?

அமெரிக்க விதியே அணைக்கும் பொத்தானை அனுமதிக்கிறது. ஒரு நிபந்தனை: வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் தானாகவே ஆன் ஆகிவிட வேண்டும். அணைந்திருக்கும்போது டேஷ்போர்டில் விளக்கும் எரிய வேண்டும். அணைக்க நியாயமான காரணங்கள் உண்டு. மணலில், சேற்றில், ஆழமான பனியில் சிக்கினால் சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வண்டி நகரும். சக்கரம் சுழல்வதைக் கண்டதும் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜின் விசையைக் குறைத்துவிடும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மூச்சு வாங்கி நிற்கும். அங்கே அணைத்துவிட்டு வெளியே வருவது சரி. பனிச்சங்கிலி மாட்டும்போதும், உருளை மேல் ஏற்றிச் சோதிக்கும்போதும் அணைக்கச் சொல்லிக் கையேடுகளே கூறும். ரேஸ் டிராக்கில் பழகுபவர்கள் அணைப்பார்கள், அது அவர்கள் கவலை.

பொத்தானைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பல கார்களில் ஒருமுறை தட்டினால் போவது, சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் போக, வண்டி நிற்கும்போது சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில கார்களில் குறிப்பிட்ட வேகம் தாண்டினால் தானாகத் திரும்பி வரும். சிலவற்றில் அணைத்த பிறகும், பிரேக்கை மிதித்தால் உள்ளே விழித்துக்கொள்ளும். எனவே 'ஆஃப் பண்ணிட்டுதான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே' என்பவரின் காரில் அது உண்மையில் ஆஃப் ஆகியிருந்ததா என்பதே சந்தேகம்.

அந்த மஞ்சள் விளக்கு, வளைந்த கோடுகளோடு வழுக்கும் காரின் படம், விட்டு விட்டு எரிந்தால் கருவி அந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து எரிந்தால் அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுது. வீல் அலைன்மென்ட் செய்த பிறகோ பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகோ அது தொடர்ந்து எரிந்தால், ஸ்டீயரிங் கோணச் சென்சாரை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கலாம். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது அது திரும்பியிருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்தால், தேவையில்லாத நேரத்தில் ஒரு சக்கரத்தைப் பிடிக்கும். நான்கு டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் சக்கர வேகக் கணக்கு குழம்பும்.

இந்தியாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. என்ற கார் பாதுகாப்பு மதிப்பீட்டில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இ.எஸ்.சி. வேண்டும். விலை குறைந்த கார்களிலும் அது வரத் தொடங்கியதற்கு இத்தகைய மதிப்பீடுகள் ஒரு காரணம். ஆனால் இங்கே விற்பதில் பெரும்பகுதி உயரமான எஸ்.யு.வி. வகை. அதன் கூரையில் கேரியர் போட்டு, சபரிமலைக்கோ திருப்பதிக்கோ மூட்டை கட்டுவதும் சகஜம். மேலே சொன்ன விகிதத்தில் கீழே இருக்கும் எண், அதாவது எடை மையத்தின் உயரம், ஏறுவது அங்கேதான். கேரியர் வாங்குமுன் கையேட்டில் கூரை எடை வரம்பு என்ற வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். பல சிறு கார்களில் அது கேரியரையும் சேர்த்து 50 முதல் 75 கிலோ வரைதான் இருக்கும்.